உன் கை மட்டும் பாக்கி

ஜூன் 4

அன்புள்ள உருண்டைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைப் பற்றி நீ எழுதாததால் நானாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. என் கற்பனையில் நீ ஒழுங்காகச் சாப்பிடுவதே இல்லை. நாற்பத்தெட்டு வயதுக்காரியை உருண்டை என்று கூப்பிட்டால் கோபம் வராதா என்று உன் அண்ணி கேட்கிறாள். வரட்டும், கோபத்திலாவது ஒரு பதில் வரும். போனில் பேசலாம் என்றால், பகலெல்லாம் ஊராரின் காதைச் சோதித்துவிட்டு வீட்டிலும் காதில் எதையும் வைத்துக்கொள்ள முடியாது என்கிறாய். உனக்காக இந்த வயதில் உட்கார்ந்து கையெழுத்துப் பழகுகிறேன்.

பெரியம்மா போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் நீ ஒருத்தி என்ன செய்கிறாய்? நேற்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தேன். அப்பாவின் வழக்கம் நம் வீட்டில் இன்னும் இருக்கிறது. "மாடி ரூமைக் கடைக்குட்டிக்குக் குடுத்து, அவளை இங்கேயே வரவழைக்கலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றேன். அண்ணி தூக்கினாள். கீழ் வீட்டிலிருந்து வந்திருந்த உன் அக்கா இரண்டு கையையும் தூக்கினாள். ஒன்றுதான் செல்லும் என்று சொல்லி இறக்கவைத்தேன். அவள் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளை, வலது கையில் டம்ளர் இருந்ததால் இடது கையைத் தூக்கினார். என் மகள் தூக்கினாள். நானும் தூக்கினேன். ஆக அஞ்சுக்கு அஞ்சு. உன் கை மட்டும் பாக்கி.

வேலையில் ஒரு நல்ல சேதி. பதினாலாம் நம்பர் பஸ்ஸின் கால அட்டவணையைச் சரிசெய்துவிட்டேன். இதுவரை காலை ஆறு நாற்பது வண்டி மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பி, ஐஸ் ஆலை வாசல்வரை போய் வளைந்து வெளியே வரும். நாம் குடியிருந்த அதே தெருதான். ஆலையை மூடிப் பல வருடம் ஆகிறது, வீடுகள் எல்லாம் கிடங்காகிவிட்டன. அங்கே தினமும் ஏறுவது ஒரே ஒருவர், ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இஸ்திரி போடும் அம்மா. அவருக்காக மற்ற ஐம்பத்தோரு பேருக்கும் ஆளுக்கு நாலு நிமிடம் போகிறது. மொத்தம் இருநூற்று நாலு நிமிடம். அந்த அம்மா அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தால் இருபத்திரண்டு நிமிடம். நான் தன்னிச்சையாக எதுவும் செய்யவில்லை. கண்டக்டரை விட்டு வண்டியிலேயே கை தூக்கச் சொன்னேன். எல்லோரும் தூக்கினார்களாம், அந்த அம்மா உட்பட! இந்த வாரத்திலிருந்து வண்டி உள்ளே போவதில்லை. நம் பழைய நிறுத்தம் போகிறதே என்று எனக்கும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பத்தோரு பேர் நிம்மதியாக ரயிலைப் பிடிக்கிறார்கள்.

கடைசியாக ஒரு குறை. நானும் அக்காவும் வா, போ என்று பேசிக்கொள்கிறோம். நீ மட்டும் என்னை "நீங்கள்" என்கிறாய். ஏதோ மேலதிகாரிக்கு மனுப் போடுவது போல இருக்கிறது.

உன் கைக்காகக் காத்திருக்கும்,
அண்ணன்

*

ஜூன் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். இளைக்கவில்லை, போன மாதம் ஒரு பாவாடையின் நாடாவைத் தளர்த்தினேன். அண்ணியிடம் சொல்லுங்கள், உருண்டை என்றால் எனக்குக் கோபம் இல்லை. என்னை அப்படிக் கூப்பிட இன்னும் இரண்டு பேர்தான் மிச்சம்.

வீடு அமைதியாக இருக்கிறது. பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடி ஜன்னல் திட்டில் வைத்தபடியே கிடக்கிறது. தினமும் துடைத்து அங்கேயே வைக்கிறேன். காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். அழுகை வருவது குறைந்திருக்கிறது. அடியோடு நின்றுவிட்டது என்று எழுதினால் அது பொய்.

மாடி அறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு நிறைந்தது. அக்கா இரண்டு கையையும் தூக்கியதை நினைத்து ஆஸ்பத்திரியில் தனியாகச் சிரித்தேன். என் பதிலை இப்போதே கேட்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள் பஸ் கதைக்குப் பதிலாக என் கதை ஒன்று. எங்கள் சோதனை அறை உங்களுக்குத் தெரியாது. வெளிச்சத்தம் வராமல் சுவரெல்லாம் பஞ்சு அடைத்த சின்ன அறை. உள்ளே ஒரு நாற்காலி. வருகிறவர் காதில் கருவியை மாட்டிவிட்டுச் சொல்வேன்: "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க. எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் தூக்குங்க." கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்புவேன். போன வாரம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். உங்கள் டிப்போ இல்லை, பயப்படாதீர்கள். டாண் டாணென்று கை தூக்கினார். எனக்குச் சந்தேகம் வந்து, சத்தமே அனுப்பாமல் தோளை மட்டும் லேசாக அசைத்தேன். உடனே தூக்கினார். மனுஷர் என் தோளைப் பார்த்துத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார்! வெளியே வந்ததும், "ஃபெயிலானா வண்டி குடுக்க மாட்டாங்கம்மா" என்று கண்கலங்கினார்.

இருபது வருடமாக இதே வேலை. கேட்டதால் தூக்குகிறவர்கள் உண்டு. பயத்தில், பழக்கத்தில், என்னைச் சந்தோஷப்படுத்தக்கூடத் தூக்குகிறார்கள். கை எல்லாம் ஒரே மாதிரிதான் மேலே போகிறது. அதனால் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்த இஸ்திரி போடும் அம்மா எதற்காகக் கை தூக்கினார் என்று யாராவது கேட்டீர்களா?

அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
உங்கள் தங்கை

*

ஜூன் 24

அன்புள்ள உருண்டைக்கு,

பாவாடை நாடா சேதி கேட்டு அண்ணிக்கு ஏக சந்தோஷம். அக்காவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய்தான் இன்னும் வேகமாக ஓடுகிறது.

நீ கேட்டதைப் படித்ததும் முதலில் எரிச்சல் வந்தது. ஒளிப்பானேன்? கை தூக்கினவர் எதற்குத் தூக்கினார் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வண்டிகூட டிப்போவை விட்டுக் கிளம்பாது. தினமும் எனக்கு மனு வருகிறது. ஒருவருக்கு வண்டி பத்து நிமிடம் முன்னால் வர வேண்டும், இன்னொருவருக்குப் பின்னால். ஒருவருக்குத் தன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கு அங்கே நிற்கவே கூடாது. இவர்களுக்கு நடுவில் நியாயம் எது என்று நீயே சொல். நிறையப் பேருக்கு எதில் நல்லதோ அதைச் செய்வது. வேறு எந்தத் தராசு இருக்கிறது? சத்தமாகப் பேசுகிறவன் பக்கமா, செல்வாக்கு உள்ளவன் பக்கமா? எண்ணிப் பார்ப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. அதில் மந்திரியும் ஒன்று, இஸ்திரி போடும் அம்மாவும் ஒன்று.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்பா. "நம்ம வீட்ல ராஜா கிடையாது" என்பார். எந்தப் படம் பார்ப்பது, எந்தச் சுவருக்கு என்ன வண்ணம், எல்லாம் கைதான். பொடிசுகளுக்கும் ஓட்டு உண்டு. அந்தக் காலத்தில் எந்த வீட்டில் பிள்ளைகளைக் கேட்டார்கள்?

இதற்கெல்லாம் எங்கோ போவானேன், நீயே இருக்கிறாயே. அம்மா நெஞ்சு நோயோடு படுக்கையில். அப்பாவுக்கு ஆலையில் பாதி நாள்தான் வேலை. ஒரே அறையில் ஐந்து பேர். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. உன்னை அங்கே அனுப்பினோம். அம்மா பிழைத்து எழுந்தாள். பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் வாழ்க்கையில் ஒரு வெளிச்சம் வந்தது. நீ படித்தாய், நல்ல வேலையில் இருக்கிறாய். யாருக்கு நஷ்டம்? அப்பா சாகிறவரை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "முதல் கை என் கடைக்குட்டியோடது. ஆறு வயசுல என்ன புத்தி பாருங்க!"

இந்த முறையும் முதல் கை உன்னுடையதாக இருந்திருக்க வேண்டும், பரவாயில்லை. மாடி அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. ஜன்னலுக்குத் திரை எந்த நிறத்தில் என்று நேற்று கை தூக்கினோம். நீலம் ஜெயித்தது. ஆகஸ்டு முதல் வாரம் வந்துவிடு. லாரியை அங்கே அனுப்பவா?

அன்புள்ள,
அண்ணன்

*

ஜூலை 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

லாரி வேண்டாம்.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அன்று மத்தியானம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். நீங்களும் அக்காவும் எனக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தீர்கள். அப்பா கதவில் சாய்ந்து நின்று சொன்னார்: "பாப்பா பெரியம்மா வீட்ல இருந்து படிக்கட்டும். அம்மாவுக்கு ஓய்வு, பெரியம்மாவுக்குத் துணை, பாப்பாவுக்கு நல்ல பள்ளிக்கூடம். நாளைக்குக் காலைல ஆலை வாசல்லயே பஸ் ஏறிடலாம். எல்லாருக்கும் நல்லதுன்னு நினைக்கிறவங்க?"

நான் கை தூக்கினேன். எல்லோருக்கும் முன்னால் தூக்கினேன். அது உண்மைதான்.

அண்ணா, நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து அன்றோடு ஒன்பது நாள். எங்கள் டீச்சர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: "ஏதாவது கேக்கணும்னா நடுவுல பேசக் கூடாது. கையைத் தூக்கிட்டு அமைதியா இருக்கணும். நான் கேக்கும்போது சொல்லணும்." அந்த ஒன்பது நாளும் அதில் நான்தான் கெட்டிக்காரி. கையை நேராக, காதோடு ஒட்டினாற்போல் தூக்கி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டீச்சர் என்னைப் பார்த்ததும் "சொல்லு" என்பார்.

அன்றும் அப்படித்தான் தூக்கினேன். அப்பாவிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஆகா, முதல் கை கடைக்குட்டியோடது!" என்றார். பிறகு அக்கா தூக்கினாள், நீங்கள் தூக்கினீர்கள். அம்மா படுத்தபடியே முழங்கைவரை தூக்கினாள். "அஞ்சுக்கு அஞ்சு" என்று தன் கையையும் சேர்த்து எண்ணி, அப்பா கை தட்டிவிட்டுப் பெரியம்மாவுக்குத் தந்தி கொடுக்கக் கிளம்பினார். நான் கையை இறக்கவில்லை. யாராவது "சொல்லு" என்பார்கள் என்று காத்திருந்தேன். யாரோ பின்னாலிருந்து என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள்.

என்னைப் பாவப்பட்ட ஜென்மமாக நினைத்துவிடாதீர்கள். பெரியம்மா என்னைத் தரையில் விடாமல் வளர்த்தாள். இரண்டாம் வருடம் லீவுக்கு வந்தபோது எனக்கு நம் வீட்டில் தூக்கமே வரவில்லை. பெரியம்மா வேண்டும் என்று அழுதேன். அம்மா எனக்கு மட்டும் விருந்தாளிகளுக்கு வைத்திருந்த டம்ளரில் பால் கொடுத்தாள். மறுபடி வாழச் சொன்னாலும் பெரியம்மாவை விட்டுக்கொடுக்க மாட்டேன். யாருக்கு நஷ்டம் என்று கேட்டிருந்தீர்கள். கூட்டிப் பார்த்தால் யாருக்கும் இல்லை, எனக்கும்கூட இல்லை. நாற்பத்திரண்டு வருடமாக நானும் கூட்டிப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் அப்பா அந்த "முதல் கை" கதையைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து குளியலறைக்குப் போய்விடுவேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

எண்ணுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியது சரி, எண்ணாமல் வண்டி ஓடாது. ஆனால் என் கேள்வியை நீங்கள் சம்மதம் என்று எண்ணிவிட்டீர்கள். அது எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது. மாடி அறைக்கு ஐந்து கை விழுந்த பிறகு எனக்கு எழுதுகிறீர்கள். திரையின் நிறம்கூட முடிவாகிவிட்டது. எனக்கு நீலம் பிடிக்காது, அண்ணா.

பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தங்கை

*

ஜூலை 30

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. முதல் வாரம் யாரிடமும் காட்டவில்லை. பிறகு அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நாம எல்லாரும் மடையங்கடா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன் கையை இறக்கியது நான்தான்.

யாரோ என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆறு வருடம் பள்ளிக்கூடத்தில் கை தூக்கிப் பழகியவன். நீ கையைக் காதோடு ஒட்டித் தூக்கிய விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது கேள்விக் கை என்று. அப்பாவுக்குத் தெரியாது, அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா உன்னைப் பார்க்கவில்லை. அக்காவுக்கு ஒன்பது வயது. தெரிந்தது எனக்கு ஒருவனுக்குத்தான். "அப்பா, அவ ஏதோ கேக்கறா" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். அம்மாவுக்கு ஓய்வு கிடைக்காவிட்டால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னதை ஒளிந்திருந்து கேட்டிருந்தேன். நீ ஏதாவது கேட்டு அப்பா மனசை மாற்றிக்கொண்டால் அம்மா செத்துவிடுவாள் என்று பயந்தேன். அது ஒன்று. இன்னொன்று, நீ போனால் ஜன்னலோரம் படுக்கிற இடம் எனக்குக் கிடைக்கும். இரண்டுமே உண்மை. எது அதிகம் என்று இத்தனை வருடத்தில் என்னால் பிரிக்க முடியவில்லை. நீ போன அன்றே ஜன்னலோரம் படுத்தேன்.

பிறகு நான் பெரியவனாகி, இந்த வேலைக்கு வந்து, நிறையப் பேருக்கு எது நல்லதோ அதுதான் நியாயம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசத் தொடங்கினேன். யாரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது புரிகிறது.

இன்னொரு சேதி. உன் கடிதம் வந்த மறுவாரம் காலை ஆறு நாற்பது வண்டியில் நானே ஏறிப் போனேன். ஐஸ் ஆலைத் தெரு முனையில், மெயின் ரோட்டில், அந்த அம்மா நின்றிருந்தார். நடந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போக நேரம் போதவில்லையோ, கால் முடியவில்லையோ, எப்படியாவது இங்கேயே ஏறிவிடலாம் என்று நின்றிருக்கிறார். வண்டியைப் பார்த்துக் கை தூக்கினார். முனையில் நிறுத்தம் கிடையாது, டிரைவர் சட்டப்படி ஓட்டுகிறவர், தாண்டிப் போய்விட்டார். நான் கடைசி இருக்கையிலிருந்து கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். வண்டி போன பிறகும் அவர் கையை இறக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் நான் இறங்கித் திரும்பி நடந்தேன். இருபத்திரண்டு நிமிடம் என்று காகிதத்தில் போட்டிருந்தேனே, முழங்கால் நன்றாக இருக்கிற எனக்கே பாதி வழிக்குப் பதின்மூன்று ஆயிற்று. அங்கே அந்த அம்மா எதிரே வந்துகொண்டிருந்தார்.

நான் யார் என்று சொல்லி, அன்றைக்கு ஏன் கை தூக்கினீர்கள் என்று கேட்டேன். "எல்லாரும் தூக்கிட்டாங்க சார். நான் மட்டும் தூக்கலன்னா அம்பது பேரும் திரும்பிப் பாப்பாங்க. தெனம் அதே வண்டியில அதே முகங்களோடதானே போகணும்?" என்றார். நான் என் இருநூற்று நாலு நிமிடத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அவ்வளவு நிமிஷம் யாருக்கு சார் மிச்சமாச்சு? அவங்களுக்கு ஆளுக்கு நாலுதானே? எனக்கு நடக்கறது முழுசா எனக்குத்தானே வலிக்குது?" என்றார்.

அதோடு விடவில்லை. "வண்டி உள்ள வரவேண்டாம் சார். முனையில நின்னாப் போதும், அதுவரைக்கும் நான் நடந்துருவேன். முதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். முனையில் நிற்க எத்தனை நேரம் ஆகும்? இருபது நொடி.

அங்கே நிறுத்தம் வைக்க எழுதிக் கொடுத்தேன். சிக்னலுக்குப் பக்கம் என்று முதலில் மறுத்தார்கள், இரண்டு முறை போய் நின்று வாங்கினேன். வண்டியில் இரண்டு பேர் முணுமுணுக்கிறார்களாம், முணுமுணுக்கட்டும். ஆனால் உன்னிடம் ஜம்பம் அடிக்க மாட்டேன். இருபது நொடியில் தீர்ந்தது என் அதிர்ஷ்டம். நாலு நிமிடமேதான் விலை என்றால் என்ன செய்திருப்பேன்? தெரியவில்லை. அப்போதும் ஒருவேளை ஐம்பத்தோரு பேர் பக்கம்தான் போயிருப்பேனோ என்னவோ. ஆனால் அந்த அம்மாவை எதிரே உட்காரவைத்து, கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அது கஷ்டமான வேலை. கைகளை எண்ணுவது சுலபம்.

நீலத் திரையைக் கழற்றிவிட்டேன். அறை வெறுமனே இருக்கட்டும். உன்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாற்பத்திரண்டு வருடம் தாமதமாகத்தான் கேட்கிறேன். நீ என்ன கேட்பதற்காகக் கை தூக்கினாய்? சொல்லு.

அண்ணன்

*

ஆகஸ்டு 9

அன்புள்ள அண்ணா,

யாரோ என்று எழுதினேன். யார் என்று எனக்கு எப்போதும் தெரியும். பேனா மை ஒட்டிய விரல் நம் வீட்டில் உனக்கு மட்டும்தான் இருந்தது. என் மணிக்கட்டில் நீல மைத் தடம் பதிந்திருந்தது. மறுநாள் பஸ்ஸில் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். பெரியம்மா வீட்டுக்குப் போய்க் குளித்ததும் அது போய்விட்டது, அதற்குத்தான் முதலில் அழுதேன். நீலம் ஏன் பிடிக்காது என்று இப்போது உனக்குப் புரியும்.

நீயாகச் சொல்வாயா என்று காத்திருந்தேன். சொல்லாமலே போயிருந்தாலும் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருந்திருப்பேன், "நீங்கள்" போட்டுக்கொண்டு. உனக்கும் அப்போது பன்னிரண்டு வயதுதான். அம்மா சாகக் கூடாது என்று நினைத்த பிள்ளையை நான் எப்படிக் கோபிப்பது? ஜன்னலோரத்துக்காக வேண்டுமானால் ஒரு குட்டு வைக்கிறேன், நேரில் பார்க்கும்போது.

அந்த அம்மா சொன்னதை எங்கள் நர்சிடம் சொன்னேன். "அவங்களை அட்டவணை போட வெச்சா என்ன?" என்று கேட்கிறாள். யோசித்துப் பார்.

நான் அங்கே வந்து தங்கப் போவதில்லை, அண்ணா. உன்மேல் வருத்தத்தில் சொல்லவில்லை. இது என் வீடு. ஜன்னல் திட்டும் மூக்குக்கண்ணாடியும் இங்கேதான் இருக்கின்றன. என் பஞ்சு அறையும் இங்கேதான். முதல் முறையாக என்னைக் கேட்டுவிட்டு நடக்கிற விஷயம் இது, அதனால் பதிலையும் நன்றாக யோசித்துச் சொல்கிறேன். அக்கா வருத்தப்படுவாள். அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

கேள்வியைக் கேட்டிருந்தாய். பெரிதாக எதையும் எதிர்பார்க்காதே. ஆறு வயதுப் பிள்ளையின் கேள்விதான். நான் ஏன் போக வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். காலையில் பஸ் ஏறுவோம் என்றார் இல்லையா? அதனால் கேட்க நினைத்தது இதுதான்:

"அப்பா, எந்த பஸ்ல திரும்பி வரணும்?"

உன்,
உருண்டை

*

ஆகஸ்டு 20

அன்புள்ள உருண்டைக்கு,

டிப்போ கிடங்கில் பழைய கால அட்டவணைகளைக் கட்டிக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். மூன்று நாள் தேடினேன். தும்மித் தும்மிக் கண் வீங்கிவிட்டது. கடைசியில் அந்த வருடத்துப் புத்தகம் கிடைத்தது. ஓரமெல்லாம் எலி தின்றிருக்கிறது, நமக்கு வேண்டிய பக்கம் பிழைத்திருக்கிறது.

உன் கேள்விக்குப் பதில்: ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பத்துக்கு, பெரியம்மா ஊர் நிலையத்திலிருந்து. ஐஸ் ஆலை வாசலில் ஏழு இருபத்தைந்துக்கு வந்து சேரும். ஒவ்வொரு ஞாயிறும் அந்த வண்டி ஓடியிருக்கிறது, உருண்டை. ஒரு வாரம்கூட ரத்தானதாகக் குறிப்பு இல்லை.

அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிடங்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டோர் கீப்பர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நீ இங்கே வந்து தங்க வேண்டாம். உன் வீடு அதுதான். இப்போது எதிர்ப்பக்கம் ஒரு வண்டி இருக்கிறது, நானே அட்டவணை போட்டது. சனிக்கிழமை காலை ஏழுக்கு இங்கே கிளம்பி, பத்து பதினைந்துக்கு உன் ஊர் நிலையத்துக்கு வரும். செப்டம்பர் முதல் சனிக்கிழமை அதில் நான் வரட்டுமா? நானும் அக்காவும் வரலாமா, நான் மட்டும் வரவா, இப்போது யாருமே வேண்டாமா? வீட்டில் கை தூக்கச் சொல்லவில்லை. உன்னைத்தான் கேட்கிறேன். உன் பதில் வரும்வரை டிக்கெட் எடுக்க மாட்டேன்.

வரச் சொன்னாயானால் ஒன்று செய். சனிக்கிழமை உங்கள் நிலையத்தில் கூட்டம் அதிகம், எனக்குக் கண்ணும் முன்போல இல்லை. நீ நிற்கும் இடம் தெரியும்படி கையை உயரத் தூக்கு. நான் உன் பக்கத்தில் வந்து சேரும்வரை இறக்காதே.

உன்,
அண்ணன்